நன்னீரில் போட்டும் திரும்பி வரும் தோல் புழு

கேள்வி: கடலில் மிதவைக் கூண்டுகளில் கொடுவா வளர்க்கிறேன். மீன்கள் இப்போது ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். சில வாரங்களாக வலையில் உடம்பைத் தேய்க்கின்றன. சிலவற்றின் கண் வெளுத்து மங்கிவிட்டது. தீவனம் எடுப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. ஒருவர் சொன்னபடி நன்னீரில் போட்டு எடுத்தேன். வெள்ளையாகச் சின்னச் சின்னத் தகடுகள் உதிர்ந்தன, மீன்களும் தெளிந்தன. ஆனால் 12 நாளில் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அதே கதை. பக்கத்துக் கூண்டுக்காரர் ஃபார்மலின் போடச் சொல்கிறார். இன்னொருவர் பெராக்சைடுதான் நல்லது என்கிறார். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை முறை? கண் மங்கிய மீன் தேறுமா? இந்த மீனை விற்கலாமா?

பதில்: வணக்கம். உங்கள் நன்னீர்க் குளியல் தோற்கவில்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. அடுத்த குளியலுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த நாளும், மீனைத் திரும்ப விட்ட வலையும்தான் காரியத்தைக் கெடுத்தன. அதனால் மருந்தை மாற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் சரிசெய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த வெள்ளைத் தகடுகளைப் பற்றிய வரிதான். அது தட்டைப்புழு இனத்தைச் சேர்ந்த தோல் புழு. பெரும்பாலும் நியோபெனெடீனியா என்ற வகையாக இருக்கும். வெப்பக் கடல்களில் கூண்டில் வளரும் கொடுவா, கலவா, கடல் விரால் என்று எதையும் அது விட்டுவைப்பதில்லை. வளர்ந்த புழு சில மில்லிமீட்டர் நீளம் இருந்தாலும் மீன்மேல் ஒட்டியிருக்கும்போது நிறமில்லாமல் ஊடுருவித் தெரிவதால் நம் கண்ணில் படாது. நன்னீர் பட்டதும் அதன் உடலுக்குள் தண்ணீர் ஏறி, வெளுத்து, பிடியை விட்டுவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இந்தப் புழுவுக்கு வேறு இடைப்பட்ட உயிர் எதுவும் தேவையில்லை. மீனிலிருந்து தண்ணீருக்கு முட்டை, தண்ணீரிலிருந்து மறுபடி மீனுக்குக் குஞ்சுப்புழு. அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. ஒவ்வொரு புழுவுக்குள்ளும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. முட்டை மூலைகள் உள்ள சின்னப் பொட்டலம் போல இருக்கும், அதிலிருந்து நீளமான ஓர் இழை தொங்கும். அந்த இழைதான் உங்கள் எதிரி. நீரோட்டத்தில் போகிற முட்டை அந்த இழையால் வலைக்கண்ணில், அதிலும் பாசியும் சிப்பியும் படிந்த வலையில், சிக்கிக்கொள்ளும். முட்டை ஓடு கெட்டியானது. நன்னீர், ஃபார்மலின், பெராக்சைடு, பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்து என்று நாம் மீனுக்குக் கொடுக்கக்கூடிய அளவில் எதுவும் அதை நம்பும்படியாகக் கொல்வதில்லை. ஆகவே எந்த மருந்தில் குளிப்பாட்டினாலும் மீன்மேல் இருக்கிற புழு மட்டும்தான் போகும். வலையில் இருக்கிற முட்டை அப்படியே இருக்கும்.

இனி நாள் கணக்கு. கடல்நீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் முட்டை சுமார் 4, 5 நாளில் பொரிக்கத் தொடங்கும். பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும், சில பிந்தும். மீனில் ஒட்டிய குஞ்சுப்புழு முட்டையிடும் பருவத்துக்கு வர இன்னும் சுமார் 8 முதல் 10 நாள் ஆகும். நீர் குளிர்ந்தால் இரண்டுமே நீளும். 22 டிகிரியில் ஏறக்குறைய இரட்டிப்பாகக்கூட ஆகலாம்.

இதை உங்கள் கூண்டோடு பொருத்திப் பாருங்கள். முதல் குளியலில் வளர்ந்த புழு எல்லாம் போனது. நான்கைந்து நாளில் வலையிலிருந்த முட்டைகள் பொரித்து, குஞ்சுகள் மீனில் ஏறின. குளியல் அன்றைக்கே தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தவை அதற்கும் முன்பே ஏறியிருக்கும். 12ஆம் நாள் நீங்கள் மீன் தேய்ப்பதைப் பார்த்தபோது, அவற்றில் முந்தியவை முட்டையிட ஆரம்பித்துவிட்டன. அப்போது போட்ட இரண்டாம் குளியலும் புழுவைக் கொன்றது, ஆனால் வலையில் புது முட்டை சேர்ந்த பிறகு. இப்படியே போனால் வருடம் முழுக்கக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்கலாம்.

மீன் தேய்க்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதல் குளியல் முடிந்த 7 அல்லது 8ஆம் நாள் இரண்டாம் குளியல், மீன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் பெரும்பாலான முட்டைகள் பொரித்திருக்கும், ஏறிய குஞ்சுகளோ இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்காது. பிந்திப் பொரித்தவற்றுக்காக இன்னொரு 7, 8 நாள் கழித்து மூன்றாவது. இந்தக் கணக்கு 28 டிகிரிக்கு மேலான நீருக்கு. உங்கள் நீர் 24 டிகிரிக்குக் கீழே போகிற மாதங்களில் இடைவெளியை 12 முதல் 14 நாளாக நீட்டுங்கள். ஒரு தெர்மாமீட்டரைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டு, காலையில் ஒரு தடவை பார்த்து எழுதி வைத்தால் போதும்.

இன்னும் முக்கியமானது வலை. ஒவ்வொரு குளியலுக்கும் பிறகு மீன் போக வேண்டியது வெயிலில் நன்றாகக் காய்ந்த வேறொரு வலைக்கு. மாற்றுவதற்கு ஒரு வலையாவது கூடுதலாக இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கழற்றிய வலையைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே கடலில் அலசுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அலசினால் முட்டை உதிர்ந்து அடுத்த கூண்டுக்குத்தான் போகும். கரைக்குக் கொண்டுபோய், மடிப்பில்லாமல் விரித்து, நூல் முறுக்குக்குள் ஈரம் இல்லாத அளவுக்குக் காயப் போடுங்கள். வெயில் நாட்களில் இரண்டு மூன்று நாள் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் கூட. முட்டைக்கு உலர்தல் ஆகாது. இந்த விஷயத்தில் எந்தப் புட்டி மருந்தையும்விட வெயில் மேல்.

பக்கத்துக் கூண்டுகளும் உங்களுடையவை என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ முடித்துவிடுங்கள். ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த வாரமும் செய்தால், செய்யாத கூண்டு செய்த கூண்டுக்குப் புழு ஊட்டிக்கொண்டே இருக்கும். ஃபார்மலின் சொன்ன அந்தப் பக்கத்துக் கூண்டுக்காரரையும் நாள் ஒத்துப்போகச் சொல்லிப் பாருங்கள். அவர் உங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

குளியல் எப்படிப் போடுவது என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் செய்த முறையை முழுதாக எழுதவில்லை, பலரும் தடுமாறுகிற இடமும் இதுதான். முதல் நாளே தீவனத்தை நிறுத்திவிடுங்கள். வயிறு நிறைந்த மீன் அதிக ஆக்சிஜன் கேட்கும், தொட்டியில் கழிந்து நீரையும் கெடுக்கும். குழாய் நீர் என்றால் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்துவைத்துக் காற்றடியுங்கள், அல்லது சோடியம் தயோசல்ஃபேட் போடுங்கள். ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு தயோசல்ஃபேட் என்பது வழக்கமான கணக்கு. தொட்டி நீருக்கும் கடல் நீருக்கும் வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. வெயிலில் வைத்த கறுப்புத் தொட்டியில் நீர் எவ்வளவு சூடாகும் என்பதைக் கையை விட்டுப் பார்க்காதவர்கள்தான் மீனை இழக்கிறார்கள்.

காற்றுக்கல் தொட்டியின் அடியில், மீன் போடுவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் கிடைத்தால் நல்லது. 200 கிராம் மீனுக்கு 1000 லிட்டரில் 20 முதல் 25 கிலோவுக்கு மேல் நான் போடமாட்டேன். புழு வெளுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் துடுப்பு மடிப்பிலும் தாடைக்கு அடியிலும் இருக்கிற சின்னப் புழுக்கள் பிந்தித்தான் விடும், அதனால் 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கொடுவா உப்புநீரிலும் நன்னீரிலும் வாழ்கிற மீன். 15 நிமிடம் இருந்தாலும் அலட்டிக்கொள்ளாது. இதே நேரத்தைக் கடல் விராலுக்கோ கலவாவுக்கோ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றை 5 நிமிடத்திலிருந்து கவனித்து, பக்கவாட்டில் சாயத் தொடங்கினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை கைவலையில் மீன் வரும்போதும் கூடவே கொஞ்சம் கடல்நீரும் வரும். நான்கைந்து தடவைக்குப் பிறகு தொட்டி நீர் நன்னீராக இருக்காது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு 3 பிபிடியை (ஆயிரத்தில் 3 பங்கை) தாண்டினால் நீரை மாற்றிவிடுங்கள். நுரையும் கோழையும் மிதக்க ஆரம்பித்தால் அதற்கும் முன்பே மாற்றுங்கள். மாற்றுகிற நீரைக் கூண்டுக்குப் பக்கத்தில் கொட்டக் கூடாது. உதிர்ந்த புழு சாகும்போதுகூட வயிற்றிலிருக்கிற முட்டையை வெளியே விட்டுவிடும், அந்த முட்டை நன்னீரில் சாகாது. கரையில் மணலில் கொட்டுங்கள். முடியாவிட்டால் மிக நுண்ணிய வலைத்துணியில் வடிகட்டி, வடிகட்டியதைக் காயவையுங்கள்.

சரி, ஃபார்மலினுக்கு வருவோம். அது வேலை செய்யும், இல்லையென்று சொல்லவில்லை. தோல் புழு, செவுள் புழு, டிரைகோடைனா போன்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகள் எல்லாவற்றின்மேலும் பாயும். ஆனால் கொடுவா போல நன்னீரைத் தாங்குகிற மீனை வைத்திருக்கிறவர் அதைத் தேடிப் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும், செவுளையும் எரிக்கும். ஏற்கெனவே புழுவால் செவுள் கெட்ட மீனுக்கு இது இரட்டை அடி. அதோடு கடை ஃபார்மலினில் 37 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல், காற்றோட்டமில்லாத படகறையில் அதை அளக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வேறு வழியில்லை என்றால் மட்டும்: கடை ஃபார்மலினை முழுச் சரக்காக வைத்துத்தான் அளவு சொல்வது வழக்கம். அதாவது 1000 லிட்டருக்கு 100 மில்லி ஊற்றினால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு). புத்தகங்களில் 250 பிபிஎம் வரைகூடப் பார்ப்பீர்கள், அது குளிர்ந்த நீருக்கு. 28 டிகிரிக்கு மேல் 100 பிபிஎம், அரை மணி நேரம் என்று தொடங்குங்கள். முதலில் ஐந்தாறு மீனை மட்டும் போட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள். புட்டியின் அடியில் வெள்ளை வண்டல் படிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், அந்த வண்டல் மீனுக்கு இன்னும் கொடிய நஞ்சு.

பெராக்சைடு, அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு, இதைவிடச் சுத்தமானது, கடைசியில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துபோகும். அதனால் பலருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அளவில் தவறினால் மன்னிக்காது. குளிர்நாட்டுச் சால்மன் பண்ணைகளில் கடல் பேன் என்ற ஒட்டுண்ணிக்கு 1500 பிபிஎம் வரை 20 நிமிடம் கொடுக்கிறார்கள். மிதவெப்பக் கடலில் வளர்க்கிற சில மீன்களுக்குப் புழுவுக்காக 300 பிபிஎம் 10 நிமிடம். நீர் சூடாக ஆக அதன் நஞ்சு ஏறிக்கொண்டே போகும். 30 டிகிரி நீரில் 1500 போட்டால் புழுவோடு மீனும் போகும். நீங்கள் முயன்றாக வேண்டும் என்றால் 75 அல்லது 100 பிபிஎம்மில், சில மீனை வைத்துத் தொடங்குங்கள்.

இதில் கணக்குப் பிழை எங்கே வருகிறது என்றால், கடையில் கிடைக்கிற பெராக்சைடு 35 விழுக்காடாகவோ 50 விழுக்காடாகவோ இருக்கும், மருந்துக்கடைப் புட்டி வெறும் 3 விழுக்காடு. ஃபார்மலின் போல இதை முழுச் சரக்காகக் கணக்கிடுவதில்லை. 35 விழுக்காட்டுச் சரக்கு என்றால் 1000 லிட்டரில் 100 பிபிஎம் வர சுமார் 250 மில்லி வேண்டும். அதே அளவில் 50 விழுக்காட்டுச் சரக்கை ஊற்றினால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிடும். புட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்காமல் திறக்காதீர்கள். பழைய சரக்கு வீரியம் இழந்திருக்கும், அதைப் பார்க்க பெராக்சைடு சோதனைத் தாள்கள் கிடைக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒரு மருந்தும் உண்டு. தட்டைப்புழுக்களுக்கென்றே உள்ள பிராசிகுவாண்டல். குளியலாகவும் போடலாம், தீவனத்தில் கலந்தும் கொடுக்கலாம். மீனைக் கையாளாமல் மருந்து கொடுக்க முடிகிறதே என்று தீவன வழி ஆசை காட்டும். ஆனால் மருந்து கசப்பு, மீன் வாயில் வாங்கித் துப்பிவிடும். பசியுள்ள தெம்பான மீன் சாப்பிடும், புழு அதிகமுள்ள சோர்ந்த மீன் சாப்பிடாது. மருந்து வேண்டியவனுக்குப் போய்ச் சேராது. உணவுக்காக வளர்க்கிற மீனுக்கு அதற்கு அனுமதி உண்டா, எத்தனை நாள் காத்திருந்து விற்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் மீன்வளத் துறையிடமோ மீன் மருத்துவரிடமோ கேட்காமல் வாங்க வேண்டாம்.

பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் கூண்டுக்குள் ஊற்றச் சொல்லும் ஆலோசனையும் உங்களிடம் வந்து சேரும், வராமல் இருக்காது. சைபர்மெத்ரின் போன்றவை பேன் வகைகளைக் கொல்லும் என்பது உண்மைதான். கூடவே சுற்றியுள்ள இறால், நண்டுக் குஞ்சுகளையும் கொல்லும், தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. மலக்கைட் கிரீன் என்ற சாயமும் அப்படித்தான், உணவு மீனில் அதன் சுவடு தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும்.

உங்களுடையது தோல் புழு என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வது நன்னீரில் தகடு உதிர்ந்ததால்தான். அப்படி எதுவும் உதிராமல் மீன் தேய்த்துக்கொண்டிருந்தால் கதை வேறு. உடம்பில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது கிரிப்டோகேரியான், கடல் மீனின் வெண்புள்ளி நோய். இறாலுக்கு வருகிற வெண்புள்ளி நோயோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வைரஸ். இது ஒற்றைச்செல் உயிர், மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். நன்னீர்க் குளியல் அங்கே போய்ச் சேராது. மூன்று முதல் ஏழு நாள் தின்று, பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் மீனை விட்டு இறங்கி, தரையில் ஒட்டிக் கூடு கட்டும். ஒரு கூட்டிலிருந்து 200க்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவரலாம். அவற்றுக்கு ஒரு நாளைக்குள் மீன் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாகும்.

தொட்டியில் என்றால் இதற்கு அருமையான ஒரு வழி இருக்கிறது, மருந்தே வேண்டாம். மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைக் காய்ந்த சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி, பழைய தொட்டியைக் காயப் போடுங்கள். இப்படி நான்கு முறை. இறங்கியவை எல்லாம் பழைய தொட்டியிலேயே காய்ந்துபோகும், மீனில் புதிதாக ஏற ஒன்றும் இருக்காது. கொடுவாவுக்கு உப்பை 10 பிபிடிக்கு இறக்கி மூன்று வாரம் வைத்தாலும் பெரும்பாலும் அடங்கும். மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) வேலை செய்யும், நீரில் செம்பு 0.15 முதல் 0.2 பிபிஎம்முக்குள் இரண்டு மூன்று வாரம் நிற்க வேண்டும். கடல்நீரில் செம்பு படிந்துகொண்டே போகும் என்பதால் தினமும் அளந்து சேர்க்க வேண்டியிருக்கும், கொஞ்சம் கூடினாலும் மீனுக்கு ஆபத்து. கையில் செம்புச் சோதனைப் பெட்டி இல்லாதவர் இதைத் தொட வேண்டாம். கூண்டில் இந்த மூன்றும் நடக்காது. அங்கே ஆழமான, நீரோட்டமுள்ள இடத்துக்குக் கூண்டை நகர்த்துவதுதான் பெரும்பாலும் மிஞ்சுகிற வழி. கடல் தரை எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

புள்ளி எதுவும் தெரியாமல், தேய்த்தலும் பெரிதாக இல்லாமல், மீன் மேலே வந்து மூச்சு வாங்கி மளமளவெனச் சாகிறது என்றால் அமைலூடினியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். செவுளைத்தான் முதலில் பிடிக்கும். உப்பு குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். அதற்கு அன்றைக்கே செவுளை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும், கடிதம் எழுதிக் கேட்க நேரம் இருக்காது. கடல் பேன், அட்டை, வாயில் உட்காருகிற ஐசோபாட் இவையெல்லாம் வெறும் கண்ணுக்கே தெரிபவை, அவற்றைப் பற்றி வந்தால் எழுதுங்கள்.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புழு கண்ணின் மேல்தோலையும் மேயும், மங்கல் அதனால்தான். மேல்படலம் மட்டும் கெட்டிருந்தால், புழு போன பிறகு ஓரிரு வாரத்தில் தெளிந்து வரும். புண் ஆழமாகி, விழி வெளியே பிதுங்கியிருந்தால் அந்தக் கண் திரும்பாது. இரண்டு கண்ணும் போன மீன் கறுத்துத் தனியே நிற்கும், தீவனம் பிடிக்காது. அதை எடுத்துவிடுவதே நல்லது, விட்டுவைத்தால் புழுவுக்குப் பண்ணையாகத்தான் இருக்கும். தோல் கிழிந்த இடங்களில் விப்ரியோ போன்ற பாக்டீரியா ஏறலாம். அதற்காக ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்காதீர்கள். புழு போனால் பெரும்பாலான காயம் தானே ஆறும். சிவந்த புண் பரவினால் மட்டும் உயிரோடுள்ள ஒரு மீனை ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்த பிறகு கொடுங்கள்.

மூன்று குளியலும் முடிந்த பிறகு வாரம் ஒரு முறை எண்ணிப் பார்க்கிற பழக்கத்தை ஆரம்பியுங்கள். பத்து மீனைப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கறுப்பு வாளியில் நன்னீரில் ஐந்து நிமிடம் போட்டு, உதிர்கிற வெள்ளைத் தகடுகளை எண்ணுங்கள். கறுப்பு வாளி எதற்கென்றால், வெள்ளை வாளியில் வெள்ளைப் புழு தெரியாது. எண்ணிக்கையோடு அளவையும் பாருங்கள். எல்லாம் பொடியாக இருந்தால் இன்னும் அவகாசம் இருக்கிறது. பெரியவை கலந்திருந்தால் முட்டை ஏற்கெனவே வலையில் ஏறிவிட்டது என்று அர்த்தம். நார்வேயில் சால்மன் பண்ணைகள் இப்படிப் பேனை எண்ணி அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். சராசரியாக மீனுக்கு 0.5 முதிர்ந்த பெண் பேன் என்பது அங்கே எல்லை, காட்டுச் சால்மன் குஞ்சுகள் கடலுக்குப் போகிற வசந்தகாலத்தில் அது 0.2 ஆகக் குறையும். அங்கே ஒரே மருந்தை மறுபடி மறுபடி போட்டுப் பேன் ஒவ்வொன்றுக்கும் பழகிவிட்டது. எமாமெக்டின், பைரெத்ராய்டு, கடைசியில் பெராக்சைடுக்குக்கூட. இப்போது வெந்நீரிலும் நீர்ப்பீச்சிலும் பேனை உதிர்க்கிறார்கள், பேன் தின்னும் மீன்களைக் கூண்டில் விடுகிறார்கள். அந்த வேலைகளிலேயே நிறைய மீன் அடிபட்டுச் சாகிறது. உங்களிடம் இப்போது நன்னீர் நன்றாக வேலை செய்கிறது, அரைகுறைக் குளியலால் அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

புதுக் குஞ்சுகளை நேராகக் கூண்டில் விடுவதும் புழு வருகிற வழிகளில் ஒன்று. இறக்குகிற நாளிலேயே ஒரு நன்னீர்க் குளியல், இரண்டு வாரம் தனித் தொட்டியில், கூண்டுக்குப் போகும் முன் இன்னொரு குளியல். வளர்ந்த மீன் கூண்டுக்கு நீரோட்டம் வந்து சேரும் பக்கத்தில் குஞ்சுக் கூண்டை வையுங்கள், போகிற பக்கத்தில் வேண்டாம். ஏற்றமும் வற்றமும் மாறி மாறி ஓடுகிற இடமென்றால் இரண்டுக்கும் இடையே இடைவெளியைக் கூட்டுவதுதான் வழி.

விற்பதைப் பற்றி: இந்தப் புழு மனிதரைத் தொற்றாது. நன்னீரில் மட்டும் குளிப்பாட்டிய மீனுக்குக் காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது. ஃபார்மலினோ வேறு மருந்தோ பட்டிருந்தால், எந்தக் கூண்டு, என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதி வைத்து, அந்த மருந்துக்குச் சொல்லப்பட்ட நாட்கள் கழிந்த பிறகு விற்கவும். உங்கள் மீன் 200 கிராம்தான் என்பதால் இப்போதே விற்க வேண்டிய அவசரம் இல்லை. மூன்றாம் குளியலுக்கு ஒரு வாரம் கழித்துப் பத்து மீனில் எத்தனை தகடு உதிர்ந்தது, அன்றைக்கு நீர் எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். நான்காவது வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.